விருந்தும் மருந்தும் மூன்று நாள்: வெளிநாட்டுத் தன்னார்வ ஆசிரியரை அழைக்கும் பள்ளிக்கு

கேள்வி: வேலூர் மாவட்டம் அணைக்கட்டு பக்கம் டிரஸ்ட் நடத்தும் சின்னப் பள்ளி எங்களுடையது. ஒன்று முதல் எட்டு வரை. ஆகஸ்ட் கடைசியில் ஜெர்மனியிலிருந்து 19 வயதுப் பெண் ஒருவர், ஒரு வருடம் ஆங்கிலம் சொல்லித்தர வருகிறார். இதுவரை வெளிநாட்டவர் யாரும் எங்களிடம் தங்கியதில்லை. வரவேற்பு விழா ஒன்றும் வைக்க நினைக்கிறோம். அவர் மனம் கோணாமல் பார்த்துக்கொள்ள என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

பதில்:

மனம் கோணாமல் பார்த்துக்கொள்வது ஒரு வாரத்துக்கு சரி. ஒரு வருடத்துக்கு அதுவே வினையாகிவிடும். நம் பக்கத்துக் கிராமங்களில் தன்னார்வலர்கள் பாதியில் மூட்டை கட்டுவதற்கு கொசுவையும் காரத்தையும்தான் காரணம் சொல்வார்கள். உண்மையில் பலரைச் சோர வைப்பது நம் உபசாரம். மூன்றாவது மாதத்திலும் விருந்தாளியாகவே வைத்திருப்போம்: தட்டைக் கழுவ விடமாட்டோம், தனியாகக் கடைக்கு அனுப்பமாட்டோம், வேலையும் கொடுக்கமாட்டோம், ஆனால் எல்லா விழாவிலும் மேடையில் உட்கார வைப்போம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நம் பெரியவர்கள் கணக்காகத்தான் சொன்னார்கள். உங்கள் ஏற்பாடு முழுவதும், அவர் எவ்வளவு சீக்கிரம் விருந்தாளி நிலையிலிருந்து கூட வேலை செய்கிறவர் நிலைக்கு வருகிறார் என்பதை வைத்தே இருக்கட்டும்.

முதலில் வருகிறவர் யார் என்று தெளிவாக இருங்கள். அந்த வயதில் ஜெர்மனியிலிருந்து வருகிறார் என்றால் அநேகமாக வெல்ட்வேர்ட்ஸ் என்ற தன்னார்வலர் திட்டமாக இருக்கும். ஜெர்மன் அரசு 2008-ல் தொடங்கியது, 18 முதல் 28 வயதுக்காரர்களுக்கானது. 19 வயது என்றால் பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வருகிறார் என்று அர்த்தம். பி.எட். கிடையாது, வகுப்பெடுத்த அனுபவம் கிடையாது, ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழியும் கிடையாது. ‘ஃபாரின் டீச்சர்’ என்று பேனர் அடித்துவிட்டு அப்புறம் ஏமாறுவதை விட, நம் ஊர் கல்லூரி முதலாண்டு மாணவி ஒருத்தி உதவிக்கு வருகிறாள் என்று நினைத்துக்கொள்வது எல்லோருக்கும் நல்லது. வகுப்பாசிரியர் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதற்குத் தகுதி பெற்ற ஆசிரியர்தான் வேண்டும்.

இன்னொன்று. ஜெர்மனி என்றதும் வெள்ளைத் தோலும் மஞ்சள் முடியும் என்று ஊர் எதிர்பார்க்கும். வருகிறவர் துருக்கிக் குடும்பத்துப் பெண்ணாக இருக்கலாம், ஆப்பிரிக்க வம்சாவளியாக இருக்கலாம், யாழ்ப்பாணத்திலிருந்து போன குடும்பத்துப் பெண்ணாகவும் இருக்கலாம். “வெள்ளைக்காரி இல்லையா?” என்று முகத்துக்கு நேராகக் கேட்ட இடங்கள் உண்டு. வருவதற்கு முன்பே ஆசிரியர்களையும் ஆயாவையும் வேன் டிரைவரையும் உட்கார வைத்து இதைப் பேசிவிடுங்கள்.

காகித வேலைகளில் மூன்று இடங்களில் பள்ளிகள் வழுக்குகின்றன. ஒன்று விசா. சம்பளமில்லாமல் தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ய வருகிறவருக்கும் எம்ப்ளாய்மென்ட் விசாதான் வேண்டும். எந்த நிறுவனம், எந்த இடம் என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கும். ஆகவே பக்கத்து ஊரில் உங்கள் நண்பர் நடத்தும் பள்ளிக்கு வாரம் இரண்டு நாள் அனுப்பி வைக்கலாம் என்ற யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். இ-டூரிஸ்ட் விசாவில் சம்பளமில்லாத் தன்னார்வ வேலைக்கு ஒரு மாதம்தான் உச்சவரம்பு, வருடக் கணக்குக்கு அது ஆகாது. இரண்டாவது பதிவு. அவர் உங்கள் இடத்தில் வந்து இறங்கிய 24 மணி நேரத்துக்குள் தங்கவைப்பவர் ஆன்லைனில் தகவல் கொடுத்தாக வேண்டும். சி ஃபார்ம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். கொடுக்க வேண்டியவர் நீங்கள், அவரல்ல. விசா 180 நாளுக்கு மேற்பட்டதென்றால் வந்த 14 நாளுக்குள் அவரும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகமான எஃப்.ஆர்.ஆர்.ஓ.வில் பதிய வேண்டும். நமக்கு சென்னை அலுவலகம், ஆனால் விண்ணப்பம் ஆன்லைனிலேயே போகும்.

மூன்றாவது, பணம். வந்து இரண்டு மாதத்தில் அவர் நல்ல மனதோடு, “ஊரில் நண்பர்களிடம் கேட்டால் பெஞ்சு வாங்கப் பணம் தருவார்கள்” என்பார். டிரஸ்டுக்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லையென்றால் ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதானக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்கில்தான் வர வேண்டும். அவர் இங்கேயே ஏ.டி.எம்.மில் எடுத்து ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிநாட்டுப் பணமே. முதல் வாரத்திலேயே இதை அவருக்கும் சொல்லிவிட்டால் பின்னால் மறுக்க நேரும் சங்கடம் இருக்காது.

தங்குமிடத்துக்கு ஏ.சி. தேவையில்லை. உள்ளே தாழ்ப்பாள், வெளியே பூட்டு, சாவி அவர் கையில், இது முதல் தேவை. நம் வீடுகளில் கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுவோம். அவருக்குத் தட்டுவது என்றால் பதில் வரும் வரை நிற்பது. மாலையில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்தால் சோகம் என்று நினைத்து ஆள் மேல் ஆள் அனுப்பாதீர்கள். அவருக்கு அது மூச்சு விடும் நேரம். இன்வெர்ட்டரில் ஓடும் ஃபேன், கொசுவலை, 20 லிட்டர் கேன் தண்ணீர், பக்கெட், மக், மூடியுள்ள குப்பைத்தொட்டி இருந்தால் போதும். நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தொட்டியில் போட வேண்டும், கழிவறைக்குள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்பதை ஒரு பெண் ஆசிரியை முதல் நாளே சொல்ல வேண்டும். பிறகு யாரும் சொல்லமாட்டார்கள், அவரும் கேட்கமாட்டார்.

சாப்பாட்டில் முதல் பத்து நாள் இட்லி, இடியாப்பம், தயிர் சோறு, பருப்பு, வாழைப்பழம். பச்சைத் தண்ணீர் விட்டு அரைத்த சட்னியும் வெளிக்கடை மோரும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆம்பூர் பிரியாணி எங்கேயும் ஓடிப்போகாது, இரண்டாம் மாதம் கொடுங்கள். போதும் என்று கையைத் தட்டின் மேல் மறைத்தால் நிறுத்திவிடுங்கள். “இன்னும் கொஞ்சம்” என்று கரண்டியோடு நிற்பது நமக்கு அன்பு. தட்டில் மிச்சம் வைப்பது தப்பு என்று வளர்ந்தவருக்கு அது தண்டனை.

வயிற்றுப்போக்கு எப்படியும் ஒருமுறை வரும். ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது தவறு, உப்பின் அளவு மாறிவிடும். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ரத்தம் கலந்து போனாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, இரண்டு நாளில் நிற்கவில்லை என்றாலோ ஆஸ்பத்திரிதான்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெங்கு பயம் உண்டு. அந்தக் கொசு பகலில் கடிக்கும். ராத்திரி வலையை மட்டும் நம்பினால் போதாது, வகுப்பறைக்குப் பின்னால் உள்ள டிரம்மையும் உடைந்த தொட்டியையும் கவிழ்த்து வையுங்கள். காய்ச்சல் என்றதும் அவர் பையிலிருந்து ஐபுபுரோஃபென் எடுப்பார், அவர்கள் ஊரில் சாதாரணமாகப் போடும் மாத்திரை அது. டெங்கு இல்லை என்று ரத்தப் பரிசோதனை சொல்லும் வரை அது வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். ஐபுபுரோஃபெனும் ஆஸ்பிரினும் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

நாய் கடித்தால், பிராண்டினாலும் கூட, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. புறப்படும் முன்பே அவர் ரேபிஸ் தடுப்பூசி போட்டுவந்திருந்தால் அன்றைக்கு ஒன்று, மூன்று நாள் கழித்து ஒன்று என இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். அதனால் வருவதற்கு முன்பே போட்டுக்கொண்டு அதன் அட்டையையும் எடுத்துவரச் சொல்லிக் கடிதம் எழுதுங்கள்.

இனி மொழி. வேலூர் நகரத்தில் வெளிநாட்டவர் புதிதல்ல. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்த அமெரிக்கப் பெண். ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளியும் இந்தியும் சரளமாகப் புழங்கும், கடைப் பலகையே அந்த எழுத்தில் இருக்கும். அங்கே அவருக்குத் தமிழ் இல்லாமலே காரியம் நடக்கும். அணைக்கட்டு தாண்டினால் நடக்காது. முதல் நான்கு வாரம் தினமும் 45 நிமிடம் தமிழ் கட்டாயம் என்று கால அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். புத்தகத் தமிழ் வேண்டாம். “நீங்கள் எங்கே செல்கிறீர்கள்” என்று படித்துவிட்டு வருகிறவரிடம் நம் ஆயா, “இன்னாம்மா, எங்க போயிகினு கீற?” என்பார், அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. இன்னா, கீது, வந்துகினு, இட்டுனு வா, தோ இந்த ஐந்தும் புரிந்தால் வடாற்காடு பாதி புரிந்த மாதிரி. கூடவே எழுத்தும் ஆரம்பியுங்கள், பஸ் போர்டு படிப்பதற்காகவாவது. ஒடுகத்தூர், குடியாத்தம், காட்பாடி மூன்றையும் தானே படித்து பஸ் ஏறும் நாளில் அவர் முகத்தைப் பாருங்கள், விருந்தாளித்தனம் பாதி கழன்றிருக்கும்.

சொல்லின் அர்த்தத்தை விட, எதற்காகச் சொல்கிறோம் என்பதுதான் அதிகம் தடுமாற வைக்கும். “சாப்டியா?” என்றால் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைப்பார். “எங்க போற?” என்று பத்து பேர் கேட்டால் ஊரே வேவு பார்க்கிறது என்று நினைப்பார். “வரேன்” என்று சொல்லிவிட்டு நாம் கிளம்பிப் போவோம், அவர் திரும்பி வருவோம் என்று காத்திருப்பார். ஒவ்வொரு டம்ளர் தண்ணீருக்கும் அவர் நன்றி சொல்வார், நமக்கு அது அந்நியமாக ஒலிக்கும். நாம் சொல்லாதது அவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றும்.

எல்லாவற்றிலும் மோசம் “பார்க்கலாம்”. நாம் முடியாது என்பதை நாசூக்காகச் சொல்லிவிட்டோம் என்று இருப்போம். அவர் அதைச் சம்மதம் என்று டைரியில் குறித்து வைத்து அடுத்த வாரம் வந்து கேட்பார். தலைமையாசிரியர் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பழக்கத்தை மாற்றிக்கொண்டு முடியாததை முடியாது என்றே சொல்லிவிட வேண்டும். அவர் வருத்தப்படமாட்டார், அவர் ஊர் வழக்கமே அதுதான்.

வகுப்பில் முதல் இரண்டு வாரம் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கட்டும். மூன்றாம் வாரத்திலிருந்து ஒரு நாளைக்கு இரண்டு பீரியட், நான்காம் ஐந்தாம் வகுப்பில், ஒரு தடவைக்கு 12 முதல் 15 பிள்ளைகள். நாற்பது பேரை ஒன்றாகக் கொடுத்தால் முதல் நாளே தொண்டை போய்விடும். கோரஸாக ராகம் போட்டு “குட் மார்னிங் மிஸ்” சொல்வதைக் கேட்டு, அடேயப்பா, பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்களே என்று ஏமாந்து போவார். “புரிஞ்சுதா?” என்றால் வகுப்பே “எஸ் மிஸ்” என்று கத்தும், அதற்கு அர்த்தமே இல்லை. புரிந்ததா என்று கேட்காதே, செய்து காட்டச் சொல் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுங்கள். வகுப்பில் எப்போதும் நம் ஆசிரியர் ஒருவர் உடன் இருக்க வேண்டும். வகுப்பை அடக்குவதற்கு மட்டுமல்ல, குழந்தைப் பாதுகாப்புக்கும் அதுதான் முறை. எந்தப் பெரியவரும் எந்தக் குழந்தையோடும் தனி அறையில் இருக்கக் கூடாது என்ற விதியில் அவருக்கும் விலக்கில்லை. அவர் ஊரில் வாங்கிய காவல்துறைச் சான்றிதழ் ஒன்றும் கோப்பில் இருக்கட்டும். பிள்ளைகளின் படத்தை இன்ஸ்டாகிராமில் போடுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு பீரியட் எப்படிப் போகலாம் என்பதற்கு: இலவம்பாடி உங்கள் பக்கத்து ஊர்தானே, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முள்ளு கத்திரிக்காய் நான்கு கொண்டுவரச் சொல்லுங்கள். கூடவே தக்காளி, வெண்டை, முருங்கை, ஒரு தராசு. முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் அவருக்குத் தமிழ்ப் பெயர் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர் போர்டில் தமிழில் எழுத வேண்டும். தப்பாகத்தான் எழுதுவார். றகரத்துக்கும் ரகரத்துக்கும் தடுமாறுவதைப் பார்த்து வகுப்பு சிரிக்கும், ஒரு வாண்டு எழுந்துபோய் சாக்பீஸை வாங்கித் திருத்தும். அங்கேதான் காரியம் நடக்கிறது: டீச்சரே தப்பு செய்யலாம் என்றால் நாமும் செய்யலாம் என்று பிள்ளைகளுக்கு வாய் திறக்கும். அடுத்த பதினைந்து நிமிடம் கடை வைத்து, “ஹவ் மச்?”, “ஹாஃப் கேஜி, ப்ளீஸ்” என்று பேரம். கடைசிப் பத்து நிமிடத்தில் வாங்கியதை ஒவ்வொருவரும் நோட்டில் இரண்டு வரி எழுதுவது. காம்பின் முள் கையில் குத்தினால் அதற்கும் ஒரு ஆங்கில வாக்கியம் கிடைக்கும்.

உச்சரிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. பன்றிக்கும் பெரியது என்பதற்கும் ஆங்கிலத்தில் வேறு வேறு சொல், தமிழில் எழுதினால் இரண்டுமே ‘பிக்’. ஒரே பகரத்தை இரண்டு ஒலிக்கும் வைத்துப் பழகிய பிள்ளைகள் அங்கே தடுக்குவது கவனக்குறைவல்ல. ஜெர்மன்காரருக்கும் இதே வியாதி சொல்லின் கடைசியில் உண்டு. அவர்கள் மொழியில் சொல்லின் கடைசியில் வரும் g, k போல ஒலிக்கும், அதனால் பையும் (bag) முதுகும் (back) அவர் ஆங்கிலத்தில் ஏறக்குறைய ஒன்றாக விழும். இரண்டு பேரும் சேர்ந்து திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டு விஷயங்களை மறைக்காதீர்கள். ஒன்று பிரம்பு. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதைத் தடை செய்திருக்கிறது, அது உங்களுக்கும் தெரியும். மேசை மேல் பிரம்பு இருப்பதும் தெரியும். தன்னார்வலர் இங்கே பார்த்து மனம் உடைவது பெரும்பாலும் இதில்தான். அவர் வருகிறார் என்பதற்காக ஒளித்து வைக்காமல், வருவதற்கு முன்பே ஆசிரியர் கூட்டத்தில் பேசி நிறுத்துங்கள். மீறி நடந்தால் வகுப்பின் நடுவே மல்லுக்கு நிற்காமல் நேரே தலைமையாசிரியரிடம் வரச் சொல்லுங்கள். வந்தால் நடவடிக்கை எடுங்கள், “எங்க ஊர்ல அப்படித்தான்” என்று மழுப்பாதீர்கள்.

இரண்டாவது ஜாதி. ஊர் எது, காலனி எது, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பதில்லை என்பதை அவர் ஒரு மாதத்தில் கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் சொல்லாமல் விட்டால், எல்லோரும் சேர்ந்து பொய் சொன்னார்கள் என்று நினைப்பார். உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். காலனிப் பிள்ளை வீட்டில் அவர் டீ குடித்துவிட்டு வந்தால் யாராவது முணுமுணுப்பார்கள். அப்போது பள்ளி அவர் பக்கம் நிற்கும் என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

பாதுகாப்பு விதிகளை முதல் நாளே எழுதிக் கொடுங்கள்: இருட்டிய பிறகு தனியாக பஸ் ஸ்டாப்பில் நிற்பதில்லை, பஸ்ஸில் பெண்கள் பக்கம் உட்காருவது, போகும் இடத்தை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது, 112, 181, 108 எண்கள் போனில். காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வார். சொல்லாமல் விட்டுவிட்டு, ஆண் ஆசிரியர் பைக்கில் வந்து இறங்கினார் என்று பின்னால் ஊர் வாய் கிசுகிசுத்தால் அதை வாழ்நாளுக்கும் மறக்கமாட்டார்.

சோர்வு எப்போது வரும் என்பதைக் காலண்டரைப் பார்த்தே சொல்லிவிடலாம். புது இடத்துக்குப் போகிறவருக்கு முதலில் தேனிலவு மாதிரி ஒரு காலம், பிறகு எல்லாமே எரிச்சலாகும் காலம் என்று கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1960-லேயே எழுதினார். உங்கள் கணக்கில் ஆகஸ்டும் செப்டம்பரும் தேனிலவு. செப்டம்பர் கடைசியில் காலாண்டுத் தேர்வு வரும், அவருக்கு வகுப்பு இருக்காது. அப்புறம் விடுமுறை, தீபாவளி, மழை லீவு. வேலை இல்லாமல் அறையில் ஈரத்துணியோடு உட்கார்ந்திருக்கும் நவம்பர்தான் குழி. மணிக்கணக்கில் ஊருக்கு போன், சாப்பாட்டை ஒதுக்குதல், “இங்கே எல்லோரும் இப்படித்தான்” என்ற பேச்சு, இவை அடையாளம். அந்த மாதங்களுக்கு இப்போதே வேலை எடுத்து வையுங்கள்: நூலகப் புத்தகங்களுக்கு எண் போடுவது, படிக்கத் தடுமாறும் எட்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, ஆண்டு விழாவுக்கு ஒரு சின்ன நாடகம். மாதம் ஒரு சனி ஞாயிறு அவர் மற்ற தன்னார்வலர்களைப் பார்க்க சென்னைக்கோ புதுச்சேரிக்கோ போய்வரட்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மேலதிகாரியாக இல்லாத ஒரு ஆசிரியை, முப்பது வயதுக்குள் இருந்தால் நல்லது, வாரம் அரை மணி நேரம் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். அக்கா என்று அவர் கூப்பிடப் போவது இந்த ஆசிரியையைத்தான். இரண்டு வாரம் தொடர்ந்து தூக்கமும் சாப்பாடும் இல்லையென்றால் அது ஊர் ஏக்கம் மட்டுமல்ல, மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது, ஆங்கிலத்தில் பேசலாம். அவரை அனுப்பிய அமைப்புக்கும் அன்றைக்கே தகவல் சொல்லுங்கள்.

வரவேற்பு விழா என்று எழுதியிருந்தீர்கள். மாலை, பொன்னாடை, குத்துவிளக்கு எல்லாம் ஒரே நாளில், அவர் வந்த மூன்றாம் நாளுக்குள் முடித்துவிடுங்கள். நான்காம் நாள் காலை பிரேயருக்கு மற்ற ஆசிரியர்களோடு வரிசையில் நிற்கட்டும், சாப்பிட்ட தட்டை அவரே கழுவட்டும். அதுவரை நீங்கள் செய்ய வேண்டிய அவசர வேலை ஒன்றுதான்: சி ஃபார்ம் போடுவதற்கு பள்ளியின் பெயரில் முன்பே பதிவு செய்து யூசர் ஐடி வாங்கியிருக்க வேண்டும். அவர் விமானம் இறங்கிய ராத்திரி உட்கார்ந்து தேடினால் 24 மணி நேரம் போதாது. இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.